கழுத்து வரைக்கும் ஐஸ்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவரை ஐஸண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நிற்பார். மீசை அரும்பும் வயதில் துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் சேர்ந்தவர். அதை மூடும் வரைக்கும் ஐஸ் பாரை இரும்புக் கொக்கியால் இழுத்து, உடைத்து, படகுகளுக்கு அள்ளிக் கொட்டியவர். ஃபாக்டரியை மூடிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். கடலிலும் கழிமுகத்திலும் தண்ணீரும் சிப்பியும் எடுத்து, பெட்டியில் வைத்து எங்களிடம் கொண்டு வருவது அவர் வேலை. அதில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

அவருக்கு ஐஸ் போடத் தெரியுமே தவிர, யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது. கூடத்தின் பொறுப்பிலிருந்த எங்கள் மேடத்துக்கு ஒரு வணக்கம், எனக்கு ஒரு "என்னம்மா", அதோடு சரி. பெட்டியை உள்ளே கொண்டுவர மாட்டார். வாசலில் குழாயடிக்குப் பக்கத்தில் வைத்துத் திறப்பார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் துடைப்பார். சிப்பிகளைத் தனியே ஒரு தட்டில் அடுக்குவார். பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, பிறகுதான் எல்லாவற்றையும் உள்ளே கொண்டு வந்து என் மேசையில் வைப்பார். மற்ற ஊழியர்கள் கொண்டு வரும் பாட்டில்கள் சேற்றில் புரண்ட மாதிரி இருக்கும். இவருடையது புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். அந்தச் சுத்தத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மயங்கிப் போனோம் என்பதுதான் உண்மை.

அவருக்கு மனைவி இல்லை. இறந்து சில வருடங்களாகிவிட்டன. ஒரே மகள் கல்யாணமாகி எங்கோ தூர தேசத்தில் இருக்கிறாள். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மாத்திரை கொடுக்க அவருடைய அறைக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் மூடிக் கிடக்கும் ஐஸ் ஃபாக்டரியின் சுவர். இரண்டு நாற்காலிகளில் ஒன்றின் மேல் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார் போலிருக்கிறது, தட்டும் டம்ளரும் அங்கேதான் இருந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"டிவிய அமத்தட்டுமாண்ணே? தூங்குவீங்க."

"வேணாம்மா. பேச்சுச் சத்தம் கேட்டுட்டே இருக்கட்டும்."

மகள் சில சமயம் நாங்கள் மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் கூப்பிடுவாள். செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்மா." "ஒடம்பு?" "நல்லாருக்கு." அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் திரையில் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேரப்பிள்ளை குறுக்கே ஓடும், நிற்காது. பிறகு அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்பாள். இவர் அணைந்து போன செல்போனை இன்னும் கையில் பிடித்திருப்பார். அவருக்குத் தனிமை. இதற்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆள் மச்சான். மனைவியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல், கல்யாணமாகிப் போகும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனாகக் கூடவே வந்தவன். இவர் வீட்டிலேயே வளர்ந்தவன். வளர்ந்து பெரியவனாகி, கழிமுகத்தில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கும் தொழிலில் இறங்கினான். தண்ணீரில் கால் ஊன்றிய ஒரு பலகைக் கொட்டகைதான் அவன் வீடும் கடையும். அவனையும் எல்லோரும் சிப்பி என்றே கூப்பிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடையில் பல வருடம் குடித்துத் தொலைத்தான். அக்கா இறந்ததும், யார் சொல்லியும் விடாத குடியை அவனாகவே விட்டான். குடியை விட்டவனுக்குச் சிப்பியை விட முடியவில்லை. கத்தியால் ஓட்டைப் பிளந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சையாக அப்படியே வாயில் போட்டுக்கொள்வான்.

விடுமுறை நாள் மத்தியானமெல்லாம் ஐஸண்ணன் அந்தக் கொட்டகையில்தான் இருப்பார். இருவரும் பலகையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில் ஒரு வாளி. அவன் பிளந்து கொடுப்பான், இவர் சாப்பிடுவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்களாம். மறுநாள் வேலைக்கு வரும்போது ஐஸண்ணன் முகத்தில் ஒரு தெளிச்சல் இருக்கும். "மச்சான் வீட்டு விருந்தா?" என்று கேட்டால் வெட்கப்படுவார்.

அந்த வருடம் வெயில் கொளுத்தித் தள்ளியது. இடையில் பெய்த மழை உப்பையும் குறைத்துவிட்டது. கழிமுகத்துத் தண்ணீர் குளிப்பதற்கு வைத்த வெந்நீர் போல இருந்தது. விப்ரியோ என்னும் கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது சாக்கடையிலிருந்து வந்து சேரும் அழுக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது கடலின் சொந்தப் பிள்ளை. தண்ணீர் சூடாகி உப்பு கொஞ்சம் குறைந்தால் பெருகும். நிறமில்லை, நாற்றமில்லை. சிப்பி நாள் முழுவதும் தண்ணீரை வடிகட்டிக் குடித்துக்கொண்டே இருப்பதால் கிருமி அதற்குள் சேர்ந்துவிடும். வேகவைத்தால் செத்துவிடும். பச்சையாகச் சாப்பிட்டால், நல்ல உடம்புக்காரருக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போகும், சிலருக்கு அதுவும் இருக்காது. ஈரல் கெட்டவருக்கு அது ரத்தத்தில் ஏறும்; தோலில் கொப்புளமாகக் கிளம்பி, ஓரிரு நாளில் ஆளையே கொண்டுபோய்விடும்.

அங்கே சிப்பி சாப்பிட்ட சிலருக்கு வயிற்றால் போகவும், சுகாதார அலுவலகம் கழிமுகத்தில் சிவப்புப் பலகை நட்டது. சிப்பி எடுக்கக் கூடாது, பச்சையாகத் தின்னக் கூடாது. தண்ணீரும் சிப்பியும் தொடர்ந்து எடுத்துப் பரிசோதிக்க வேண்டிய பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது.

ஐஸண்ணன் பலகையை மதித்தார். மச்சானையும் மதிக்க வைத்தார். அந்த வாரம் இருவரும் வேகவைத்த சிப்பி சாப்பிட்டார்களாம்.

"எப்டிண்ணே இருந்துச்சு?"

"அவன் செருப்பத் திங்கற மாதிரி இருக்குங்கறான். ஒரே பொலம்பல். எப்ப மாமா பலகைய எடுப்பாங்க, எப்ப மாமா எடுப்பாங்கன்னு சின்னப் புள்ளையாட்டம் கேக்கறான்."

அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரை யாரோ ஏதோ கேட்டு நச்சரிக்கிறார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். குடிதண்ணீர் மாதிரிகளை ஐஸில் வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். விப்ரியோவுக்கு எடுக்கும் மாதிரி அப்படியில்லை. குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஐஸ் மேலே படக் கூடாது. உறைந்த ஜெல் பையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தால் போதும். இதை மேடம் ஆரம்பத்திலேயே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். ஐஸண்ணனும் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, அது அவர் மண்டையில் ஏறவில்லை. காலமெல்லாம் ஐஸ் குறைந்ததால் கெட்டுப்போன மீனைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஐஸ் கூடியதால் கெட்டுப்போன ஒன்றை அவர் கண்டதேயில்லை. பாவம், மேடத்துக்கு வெயிலில் அலைந்த அனுபவம் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதிலும் இது மச்சானின் கழிமுகம். எடுத்த தண்ணீர் வழியில் கெட்டு, அதனால் அவன் பிழைப்புக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது. மீன் சந்தைக்குப் போய்ப் பழைய கூட்டாளியிடம் பொடித்த ஐஸ் வாங்கி, பாட்டில்களையும் சிப்பிகளையும் கழுத்து வரைக்கும் புதைத்துக் கொண்டு வந்தார். வாசல் குழாயடியில் ஐஸைக் கொட்டிவிட்டு, துடைத்து, அடுக்கி, என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

நான் கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டில் அந்த விப்ரியோ இருந்தால் பச்சைப் புள்ளியாக முளைக்கும்; ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்தடுத்து வந்த மாதிரிகளிலும் இல்லை. மேடம் கையெழுத்துப் போட்டார். சுகாதார அலுவலகம் பலகையை எடுக்கச் சம்மதித்தது. அவர்கள் வந்து பலகையைப் பிடுங்குவதற்கு முன்பே ஐஸண்ணன் ஓடிப்போய் மச்சானிடம் சொல்லிவிட்டார்.

"சாப்பிடலாமா மாமா?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

"தாராளமா சாப்புடு மாப்ளே. சுத்தம்."

அன்றைக்கு இருவரும் வாளியைக் காலி செய்தார்கள்.

மறுநாள் சிப்பிக்குக் குளிர்காய்ச்சல். கால் வலி என்று துடித்தான். ஐஸண்ணன் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். பச்சைச் சிப்பி என்று சொன்ன ஐஸண்ணன், உடனே, "ஆனா அது டெஸ்ட் பண்ணதுங்க. நான் அங்கதான் வேலை பாக்கறேன். சுத்தம்னு வந்துடுச்சு" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்ன அழுத்தத்தில் அந்த டாக்டரும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். பிற்பகலில் எனக்குப் போன் வந்தது.

"ஏம்மா, ஒரு சின்ன சந்தேகம். வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கண்ணே."

"சிப்பிக்குக் கால்ல கொப்புளமா வந்திருக்கு. கருநீலமா இருக்கு. ஏதாவது பூச்சி கடிச்சிருக்குமோ?"

"பச்சையா சிப்பி சாப்டாரா?"

"சாப்டான். அதுதான் சுத்தமாச்சே."

"அவருக்கு வேற ஏதாச்சும் வியாதி இருக்கா?"

"ஈரல் கொஞ்சம் கெட்டிருக்கும்மா. பழைய குடி."

அவருடைய மச்சானுக்கு ஈரல் கெட்ட கதை அன்றுவரை எனக்குத் தெரியாது.

"அண்ணே, ஒடனே வண்டி புடிங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. பச்ச சிப்பி சாப்டாரு, ஈரல் கெட்டிருக்கு, ரெண்டையும் வாசல்லயே சொல்லுங்க. டெஸ்ட்ல சுத்தம்னு வந்துச்சுன்னு மட்டும் சொல்லித் தொலச்சிடாதீங்க."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"சொல்றதச் செய்ங்கண்ணே!" என்று கத்தினேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது சிப்பியை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். ஐஸண்ணன் நீளமான வராந்தாவில், வரிசையாகக் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சம்மதம் கேட்டதற்கு, கால் போனால் போகட்டும், ஆள் வேண்டும் என்றாராம். உள்ளே போகும் முன் மச்சான் என்ன சொன்னான் என்று அவரே என்னிடம் சொன்னார்.

"மாமா, சிப்பி நல்லாத்தான் இருந்துச்சு, காலுக்குத்தான் என்னமோ புடிக்கலன்னான். அந்த வலியிலயும் பாரேன்."

காலை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். ஆனால் அதற்குள் கிருமி ரத்தம் முழுவதும் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் சிப்பி போய்விட்டான். அவனுக்கென்று வந்தவர்கள் அவனைப் போலவே கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கும் சிப்பிக் கட்டுக்காரர்கள் கொஞ்சம் பேரும் நாங்களும்தான். ஐஸண்ணனின் மகளால் வர முடியவில்லை. எல்லாம் முடிந்ததும் மற்றவர்கள் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவரும் தன் அறைக்குப் போனார்.

இறந்தவனின் ரத்தத்தில் விப்ரியோ இருந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. பலகை மறுபடியும் ஏறியது. மேடமும் நானும் நேரே கழிமுகத்துக்குப் போய், ஆளில்லாத அந்தக் கொட்டகையின் கயிற்றிலிருந்தே சிப்பி எடுத்து, தண்ணீர் மொண்டு, துணி சுற்றிய ஜெல் பையோடு கொண்டு வந்தோம். தட்டில் பச்சைப் பச்சையாக அப்பிக் கிடந்தது. பழைய தட்டு, புதுத் தட்டு இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு, போன தடவை ஏன் முளைக்கவில்லை என்று மேடம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஐஸண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாள் அது.

"அண்ணே, அந்தப் பெட்டிக்குள்ள என்ன போட்டு எடுத்துட்டு வந்தீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"ஐஸ்."

"எவ்ளோ?"

"கழுத்து வரைக்கும்."

ஐஸண்ணன் உள்ளே வந்து அந்தத் தட்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"ஐஸ்ல கிருமி செத்துப்போயிருக்குமா?" என்று அவரே கேட்டார்.

"கொஞ்சம் சாகும்ணே. மிச்சம் சாகாது. மயங்கிக் கெடக்கும். மயங்கிக் கெடந்தா என் தட்டுல மொளைக்காது. அதனால ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும்."

"தண்ணியில?"

"தண்ணியில அது பாட்டுக்கு இருந்துச்சு. தண்ணிக்கு யாரு ஐஸ் போட்டா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பெட்டியை மறுபடியும் கழுவினார்.

வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தார். போகவில்லை. பெட்டியை ஒருநாள்கூடத் திறந்து பார்க்காதது கூடத்தின் தவறு என்று மேடம் மேலிடத்துக்கு எழுதினார். பிறகு ஐஸண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, மனச விட்றாதீங்க" என்றார். சிப்பிக் கட்டுக்காரர்கள், "ஈரல் கெட்ட மனுஷன், இல்லாட்டியும் எத்தன நாளு?" என்றார்கள். "நீங்க என்னப்பா பண்ணுவீங்க, விதி" என்றாள் மகள். கூடத்தில் ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள், டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். ஒரு கடுஞ்சொல் எங்கிருந்தும் வரவில்லை. அவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். இப்போது பெட்டியைத் திறந்தபடியே உள்ளே கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் துணியையும் பையையும் தொட்டுப் பார்க்கும் வரை கை கட்டி நின்றார்.

ஒரு விடுமுறைக்கு மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் என் மேசைக்கு வந்தார். முந்தைய நாள் கொட்டகைக்குப் போயிருந்ததாகச் சொன்னார். பழையபடி காலைத் தொங்கப் போட்டுப் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாராம்.

"சாப்டீங்களாண்ணே?"

அவர் மேசைக்கு முன்னால் கை கட்டி நின்றார்.

"எல்லாரும் பரவால்ல பரவால்லங்கறாங்கம்மா. எப்டி பரவால்லன்னு ஆகும்? ஒரு ஆளு செத்திருக்கான். பரவால்லன்னா அப்ப அவன் ஒண்ணுமில்லையா?"

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"பொண்டாட்டி இருந்தா என்னைய வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா. அவ தம்பிய நான் என்ன பண்ணேன்னு கேட்டிருப்பா. கேக்க அவ இல்ல. அவனுக்கும் கேக்கத் தெரியல, சிப்பி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். யாராச்சும் ஒருத்தர் கேக்கணும்ல? உனக்குக் கோவம் வரும், எனக்குத் தெரியும். நீ கேளும்மா."

எனக்கும் "விடுங்கண்ணே" என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் இருந்தது. தட்டில் பச்சை முளைத்த நாளிலிருந்தே இருந்தது. நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தேன்.

"மேடம் அத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதுல என்ன பஞ்சா வெச்சிருந்தீங்க? எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டத் தெரிஞ்சுதுல்ல, புரியலன்னா கேக்க வேண்டியதுதானே? டாக்டர் கேட்டப்ப வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? அவரு உங்கள நம்பித்தான் சாப்டாரு. நீங்க வேணாம்னு சொன்ன வரைக்கும் செருப்பத் திங்கற மாதிரி இருந்தாலும் அவிச்சத்தானே தின்னாரு? நீங்க ஐஸ் போடலன்னா பலகைய எடுத்திருக்க மாட்டாங்க. பலகை இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. உங்களாலதான் செத்தாருண்ணே."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் குனிந்து என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"ஆமா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார்.